பாண் நிறுத்திய லயம்

பிள்ளையின் இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை மதினி தன் கம்பளிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹட்டன் பஸாரில் ஒரு மேல்மாடி அறை அது. வெளியே பனி இறங்கி எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை மறைத்திருந்தது. பெயர் ஒட்டுவதற்காகக் குழாயை மேசையில் வைத்துவிட்டு நான் பேனா தேடிய சமயத்தில் அதை எடுத்துக்கொண்டார். அது ஐஸ் பெட்டிக்குப் போக வேண்டியது, கொடுங்கள் என்றேன். “ஒடம்புக்குள்ள இருந்து இப்பத்தான் வெளிய வந்திருக்கு. சூடு ஆறுறதுக்குள்ள ஐஸ்ல போட்டா பிள்ளைக்குத் தூக்கிப் போடாது?” என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த அவர் மகள், “எனக்கு ஒண்ணும் குளிரலம்மா” என்றாள். சொல்லப்போனால், இரத்தம் உறைந்து மேலே தெளிவு நிற்பதற்கு அந்தக் குழாய் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத்தான் வேண்டும். அதனால் விட்டுவிட்டேன். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த விரல்களுக்குள், சால்வையின் கதகதப்பில், அந்தக் குழாய் இருந்தது. இப்போது தினமும் பெட்டி பெட்டியாகக் குழாய்களைக் கையாளும் வேலையில் இருக்கிறேன். ஒன்றைக்கூட யாரும் அப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பொகவந்தலாவைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ வந்தவர். அண்ணன் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை. தீபாவளிக்கு வருவார், தைப்பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வரமாட்டார். ஆகவே வீட்டில் எடுக்க வேண்டிய முடிவுகளையெல்லாம் மதினிதான் எடுத்தார், பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கி வந்து கூடையை மாட்டிவைக்கும் இடைவெளியில். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோனவன். கொழும்புச் சோதனைக்கூடம் ஒன்றுக்காக இரத்தம் எடுத்து அனுப்பும் அந்த மேல்மாடி அறையில் வேலை கிடைத்தது. வேலை முடிந்தால் கீழே இருந்த இன்டர்நெட் கடைக்குள் போய்விடுவேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் பிளேன்டீ ஆறிப்போகும். ஆனாலும் உலகத்தில் கண்டுபிடித்ததெல்லாம் எனக்காகத்தான் கண்டுபிடித்தார்கள் என்பதுபோல ஒரு வேகம். “தம்பி படிச்சுப் படிச்சு ஒருநாள் அந்தப் பொட்டிக்குள்ளயே போயிருவான். அப்பறம் நாங்க வயரப் புடிச்சு இழுக்கணும்” என்பார் மதினி.

அந்த வேகத்துக்கு வேலை கொடுத்தது அண்ணன் மகளின் வயிறு. பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி. வெளிக்குப் போகும்போது சீதமும் இரத்தமும். வாயெல்லாம் புண். எல்லாவற்றையும்விட, அவள் வளரவில்லை. வகுப்பில் உயர வரிசையில் நிற்க வைத்தால் வருடா வருடம் முதல் ஆள் அவள்தான். கீழ் வகுப்புப் பிள்ளைகள் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டு ஓடினார்கள். தோட்டத்து மருந்துச் சாலையில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். திரும்பவும் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பஸாரில் ஒரு டாக்டர் அமீபா என்றார். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் கண்ணூறு என்று சொல்லி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மதினி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. எல்லாருடைய மருந்தையும் சாப்பிடவைத்து, எல்லாருடைய கயிற்றையும் கட்டிவைத்து, அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டார். பஸ் வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்தாள். மதினி வாந்திப் பையை ஒரு கையிலும் பிள்ளையின் நெற்றியை மறு கையிலும் பிடித்தபடி, கம்பியைப் பிடிக்காமலேயே நின்றுகொண்டு வருவார். அந்தப் பயணம் எத்தனையோ முறை. எனக்கு இப்போது நினைத்தாலும் இடுப்பு வலிக்கிறது.

கண்டியில் குழந்தைகள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கிளினிக் முடியும் நேரத்தில் அவர் கண்கள் இரண்டும் உள்ளே போயிருக்கும். பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். பிறகு மதினியை உட்காரச் சொல்லி விளக்கினார். குடலில் நாள்பட்ட அழற்சி. அது இரண்டு காரணத்தால் இருக்கலாம். ஒன்று, குடலில் வந்த காசநோய். மற்றது, உடம்பு தன் குடலோடு தானே சண்டை பிடிக்கிற நோய். க்ரோன் என்று அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர். “ரெண்டும் பாக்கிறதுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும் பிள்ளை. ஆனா மருந்து எதிரும் புதிரும். சண்டையை அடக்கிற மருந்தை நான் குடுத்து, உள்ளுக்க இருக்கிறது காசநோயா இருந்திட்டா, அது கிளம்பி உடம்பு முழுக்கப் பரவிடும். குழாய் விட்டு உள்ளுக்கப் பார்த்து, ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்கோணும். மயக்கிப் போட்டுத்தான் செய்வம்.”

மதினியின் முகம் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அவருடைய சொந்தத் தம்பி, குடல்வால் அறுவைக்கு மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்தவன், எழும்பவில்லை. அவனை வார்ட்டுக்குள் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தவர் மதினிதான். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. “குழாய் விடுறதுக்கு நான் பயப்படல சார். தூங்க வைக்கிறதுக்குத்தான்” என்று மட்டும் சொன்னார். “வேற வழியில பாக்க ஏலாதா?”

அங்கேதான் நான் உள்ளே நுழைந்தேன். நான் படித்திருந்தேன். பிறபொருளெதிரி என்று பாடப்புத்தகத்தில் வரும். வெளியிலிருந்து உடம்புக்குள் நுழைந்த ஒன்றைப் பிடிப்பதற்காக உடம்பே செய்து இரத்தத்தில் அனுப்பும் காவல். இந்தக் குடல் நோய் உள்ள பிள்ளைகள் பலருடைய இரத்தத்தில் இரண்டு விதமான காவல் தென்படுகிறது என்று வெளிநாட்டில் கண்டிருந்தார்கள். ஒன்று, பேக்கரியில் பாண் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு எதிரானது. அது க்ரோன் பக்கம் கை காட்டும். இன்னொன்று உடம்பின் சொந்த வெள்ளை அணுக்களுக்கே எதிரானது. அது பெருங்குடல் புண் நோயின் பக்கம் காட்டும். பிள்ளைகளைக் குழாய் விட்டு நோகடிக்காமல் ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்துவிடுமே என்று டாக்டரிடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா வாசிக்கிறீர் தம்பி. நானும் வாசிச்சனான். ஆனா அந்தக் கட்டுரையில இருக்கிற பிள்ளையளுக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவில கடல் கிடக்கு. அங்க காசநோய் இல்லை. இங்க இருக்கு.” இருந்தாலும் மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துப் பார்ப்போம் என்றார். குழாய் விடும் நாளையும் குறித்துக் கொடுத்தார். மதினி நாளைக் காதில் வாங்கவில்லை. இரத்தம் என்றதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சோதனை நாட்டில் எங்கும் செய்யப்படவில்லை. கொழும்பு ஆட்கள் வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும். மறுநாள் ஒரு பொதி போகிறது, அதைத் தவறவிட்டால் மாதக்கணக்கு என்றார்கள். கொழும்புக்குக் குழாய்களைக் கொண்டுபோகும் எங்கள் வேன் அதற்குள் போய்விட்டிருந்தது. நானே கொண்டுபோகிறேன் என்று, மதினி சால்வைக்குள் வைத்திருந்த குழாயிலிருந்து பிரித்தெடுத்த தெளிவை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து மெயில் ரயிலில் ஏறினேன். நாட்டில் சண்டை நடந்த காலம். விடிந்து கொழும்பில் இறங்கியதும் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், தோட்டத்து விலாசம், கையில் பிளாஸ்க். மூடியைத் திறந்த பொலிஸ்காரர் ஒரு அடி பின்னால் போனார். “மே காகே லேத?” யாருடைய இரத்தம் இது? அண்ணன் மகளுடையது என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. நான் பிறபொருளெதிரிக்குச் சிங்களத்தில் என்ன என்பதுவரை தெரிந்துவைத்திருந்தவன். ஈஸ்ட், வெள்ளை அணு, குடல் என்று விளக்கிக்கொண்டே போகப்போக அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று. ஒன்றும் தெரியாதவனைக்கூட நம்பலாம், இவ்வளவு தெரிந்தவனை எப்படி நம்புவது? வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் கடை வேலைக்கு வந்த உடப்புசல்லாவைப் பையன் ஒருவன், அடையாள அட்டையைப் பஸ்ஸில் தொலைத்த மட்டக்களப்புப் பெரியவர் ஒருவர். “தம்பி என்ன செய்தனீங்கள்?” என்று பெரியவர் கேட்டார். “இந்தப் பக்கமா வந்தேன் ஐயா” என்றேன். “நானும் அதுதான்” என்றார். மத்தியானம் சோதனைக்கூடத்திலிருந்து யாரோ பேசி என்னை விட்டார்கள். ஐஸ் தண்ணீராகியிருந்தது. பரவாயில்லை, இந்தக் காவல் சரக்கு அவ்வளவு சீக்கிரம் கெடாது என்றும் படித்திருந்தேன். பொதி போவதற்கு முன்னால் கொண்டுசேர்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அதை ஒரு பெரிய சாகசக் கதையாகச் சொன்னேன். சாவடிக்காரர் பின்னால் துள்ளியதை நடித்துக்காட்டினேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். மதினி சிரிக்கவில்லை. “என்ன செஞ்சேன்னு புடிச்சாங்க?” “ஒண்ணும் செய்யல மதினி. அந்தப் பக்கம் போனேன், புடிச்சாங்க.” “ஒண்ணும் செய்யாதவனையா புடிச்சாங்க?” என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு அடுப்பை ஊதப் போய்விட்டார்.

முடிவு வந்தபோது டாக்டரும் மதினியும் நானும் ஒரே மேசையைச் சுற்றி இருந்தோம். ஈஸ்ட்டுக்கு எதிரான காவல் நிறைய இருந்தது, மற்றது இல்லை. எனக்குள் ஒரு துள்ளல். டாக்டர் துள்ளவில்லை. இது ஒரு பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். குடல் காசநோய் உள்ளவர்கள் சிலருக்கும் இது இருக்கும். பார்த்தே ஆக வேண்டும் என்றார். மதினி நிதானமாகக் கேட்டார்: “அப்ப பாண்ல போடுறாங்களே, அதத்தான் பிள்ளை ஒடம்பு எதுத்து நிக்குதா சார்?” டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். “ஓம். ஆனா…” என்று தொடங்கினார். அந்த ‘ஓம்’ மதினிக்குப் போதுமாக இருந்தது. ‘ஆனா’வுக்குப் பின்னால் டாக்டர் சொன்னதெல்லாம் அந்த அறையிலேயே தங்கிவிட்டது. குடற்சுவர் புண்ணாகிப் பொத்தல் விழுந்திருப்பதால் தின்பதெல்லாம் உள்ளே கசிகிறது, கசிந்ததைக் காவல் பிடிக்கிறது, புண்ணாக்கியது வேறு எதுவோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நானும் சொன்னேன். மதினி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு வந்தார். அவ்வளவு இலேசான முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தூங்க வைக்க வேண்டாம். அதுதான் அவருக்குக் கேட்ட செய்தி.

எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காம்பரா வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால், அந்த லயத்தில் எல்லாக் காம்பராவிலும் தாளிப்பை நிறுத்திவிடுவார்கள். எண்ணெய் காயும் வாசம் அந்தப் பிள்ளையின் மூக்குக்குப் போகக்கூடாது என்று எல்லா அடுப்பும் பத்தியம் இருக்கும். சுவர் ஒரு செங்கல் கனம். ஒரு வீட்டு வாசம் எல்லா வீட்டுக்கும் சொந்தம். மதினி கேட்கவே இல்லை. மறுநாள் காலை பேக்கரி முச்சக்கர வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றபோது ஒருவரும் இறங்கி வரவில்லை. பாண்காரர் சிங்களவர், எல்லாருக்கும் பழகியவர். திரும்பத் திரும்ப ஹாரன் அடித்தார். கடைசியில் அடுத்த காம்பரா அக்கா வாசல் இஸ்தோப்பில் வந்து நின்று கையை ஆட்டினார். “அய் அக்கே, மகே பாண் நரக்கத?” என்றார் அவர், தன் பாணில் என்ன குறை என்று தெரியாமல். “பாண் நல்ல பாண்தான். எங்க பிள்ளைக்கு ஆகாதாம். ரத்தத்துல எழுதியிருக்கு” என்றார் அக்கா. அவருடைய மூத்த பையன், “எனக்கு எழுதலையேம்மா, எனக்கு ஒண்ணு வாங்கேன்” என்றான். முதுகில் ஒன்று வாங்கினான்.

லயம் பாணை நிறுத்தியது. காலையில் எல்லா வீட்டிலும் ரொட்டி. விடியலுக்கு முன்னால் மலைக்குப் போகிற பெண்களுக்கு ரொட்டி தட்டுவது என்பது இன்னும் சீக்கிரம் எழும்புவது, அதையும் செய்தார்கள். பிள்ளைக்கு ஒரு வீட்டில் குரக்கன் கஞ்சி, ஒரு வீட்டில் முட்டை, மாடு வைத்திருந்த வீட்டில் பால். அவள் தேறினாள். நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தேறினாள். கன்னத்தில் சதை பிடித்தது, வலி குறைந்தது, பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். நல்ல சாப்பாட்டால் இந்த நோய் கொஞ்ச காலம் அடங்கும். அதுவாகவும் சில சமயம் அடங்கும். இதை நான் சொன்னால் யார் கேட்பார்கள்? “ஒங்க மிசினுதானே தம்பி பாணுன்னு சொல்லுச்சு? இப்ப பிள்ளை நல்லா இருக்கு. இன்னும் என்னத்தக் குடையணும்?” என்று பீலியடியில் பெண்கள் என்னை மடக்கினார்கள். நான் கொண்டுவந்து கொடுத்த சான்றுதான். அதை வைத்தே என்னை அடித்தார்கள். டாக்டர் குறித்த நாள் வந்தது, போனது. அன்று காலை நான் வாசலில் நின்று மதினியைப் பார்த்தேன். அவர் கூடையை மாட்டிக்கொண்டு, “நீ வேலைக்குப் போ தம்பி, பஸ் போயிரும்” என்று சொல்லிவிட்டு மலையேறினார். களைப்பு என்றால் என்னவென்று எனக்கு முதல்முறை தெரிந்தது அந்த நாட்களில்தான். சொல்வதற்கு எல்லாம் இருந்தும், சொல்வதற்கு ஆளில்லாமல் போகிற களைப்பு.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சுருண்டு விழுந்தாள். ஆசிரியர் ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இரத்தம் முன்னைவிட அதிகம். நான் வேலையிலிருந்து திரும்பியபோது லயமே எங்கள் இஸ்தோப்பில் நின்றது. பேச்செல்லாம் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்கு யார் பாண் கொடுத்தது? பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்டார்கள். அவள் வலியோடு தலையை ஆட்டி ஆட்டி, யாரும் தரவில்லை என்றாள். யாரோ ஒருத்தி, அடுத்த காம்பரா அக்காவின் கையில் பஸாரில் பேக்கரிப் பை பார்த்ததாகச் சொன்னாள். அவ்வளவுதான், எல்லாக் கண்ணும் அக்காவின் பக்கம் திரும்பியது. “பணிஸ் வாங்குனியா இல்லையா?” “வாங்குனேன், எம்மவனுக்கு. பஸார்லயே தின்னுட்டான்.” “பிள்ளை பாத்திருக்கும், கேட்டிருக்கும், நீ பிச்சுக் குடுத்திருப்ப.” “எம்பிள்ளைக மேல சத்தியமா குடுக்கல!” “அப்ப ரத்தம் எப்படி வந்துச்சு?” விடியற்காலையில் எழும்பி எங்கள் பிள்ளைக்காக ரொட்டி தட்டிய அந்தப் பெண், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். தான் குற்றவாளி இல்லை என்று எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் கைகளை விரித்து விரித்துக் காட்டினார். வெறும் கைகள்.

மதினி உள்ளேயிருந்து வந்தார். பிள்ளையின் துணியைக் கழுவிய கை ஈரமாக இருந்தது. அக்காவை ஒரு கணம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “விடுங்க அவள” என்றார். யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். “விடுங்கன்னு சொல்றேன்ல. அன்னைக்குக் கொழும்புல என் கொழுந்தனப் புடிச்சு ஒக்கார வச்சாங்க. என்னடா செஞ்சேன்னு கேட்டேன். ஒண்ணும் செய்யல, அந்தப் பக்கம் போனேன்னான். எனக்கு அப்ப வெளங்கல. ஒண்ணும் செய்யாமயா புடிப்பாங்கன்னுதான் நெனச்சேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “பாணும் அந்தப் பக்கம் போயிருக்கும். புடிச்சுக்கிட்டாங்க. நம்மளும் புடிபட்டவன்தான் செஞ்சான்னு நம்பி, நெசமா வேலையக் காட்டுனவன விட்டுட்டோம். இப்ப இவளயும் புடிச்சு நிக்க வச்சிருக்கோம்.” கூட்டம் மெதுவாகக் கலைந்தது. நான் பஸ்ஸில் சொன்னதும் அதுதான். ஆனால் நான் சொன்னது குடலைப் பற்றி. அவருக்கு அது ஆளைப் பற்றியதாக மாறுவதற்கு அக்கா அந்தச் சுவரோரம் நிற்க வேண்டியிருந்தது. மதினி என்னிடம் திரும்பினார். முகம் பழையபடி மூடிக்கொண்டிருந்தது. “அந்த நாள் போயிருச்சில்ல? வேற நாள் கேப்பியா தம்பி?”

பிள்ளையைக் கண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் ஏசவில்லை. ஏசுவதற்கும் தெம்பு வேண்டுமே. பிள்ளையை அன்றே வார்ட்டில் சேர்த்து, இரத்தம் ஏற்றி, பிறகு ஒரு காலைக்கு ஒழுங்கு செய்தார். குடலைக் கழுவுவதற்கு முதல்நாள் முழுக்கப் பிள்ளை உப்புக் கரைத்த மருந்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவள் அழ, மதினி தானும் ஒரு கோப்பையில் அதையே ஊற்றிக் குடித்துக் காட்டினார். பிறகு மகளுக்கு முன்னால் அவர் கழிவறைக்கு ஓடியதைப் பார்த்து வார்ட்டே சிரித்தது, தாதிமார் உட்பட. பிள்ளையும் சிரித்தாள். மதினி அன்று இரவு கண் மூடவில்லை என்று பக்கத்துக் கட்டில் அம்மா பிறகு சொன்னார். காலையில் தள்ளுவண்டியோடு கதவுவரை போனார். மயக்கம் கொடுக்கிற பெண் டாக்டர் பிள்ளையிடம் எண்ணச் சொன்னார். கதவு மூடுவதற்குள் பிள்ளையின் குரல் நின்றுவிட்டது. மதினி கதவில் கை வைத்தபடியே நின்றார். உட்காருங்கள் என்றேன். தலையசைத்தார், உட்காரவில்லை.

அது க்ரோன்தான். எடுத்த துண்டுகளில் காசநோய் தென்படவில்லை. சண்டையை அடக்கும் மருந்து தொடங்கினார்கள். முகம் பூசணிக்காய்போல ஊதியது. பள்ளிக்கூடத்தில் அதற்கும் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. பிறகு வேறு மாத்திரை, அப்புறம் வேறு. குணமாகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அடங்கி இருக்கும் என்றுதான் சொன்னார்கள். அப்படித்தான் இருக்கிறது, சில வருடம் அடங்கும், சில வருடம் அடங்காது. அவள் இப்போது நுவரெலியாவில் ஒரு பாலர் பள்ளியில் படிப்பிக்கிறாள். வரிசையில் முதலாவது நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் தூக்கிப் பார்த்துவிடுகிறாளாம், கனம் எவ்வளவு என்று. லயத்துக்குப் பாண் வண்டி மறுபடியும் வருகிறது. மதினிக்கு முதுகு வளைந்துவிட்டது. மலைக்குப் போவதை நிறுத்தச் சொன்னால், சும்மா இருந்தால்தான் வலிக்கிறது என்கிறார். நான் கொழும்பில் அந்தச் சோதனைக்கூடத்திலேயே சேர்ந்துவிட்டேன். வெளிநாட்டுக்கு அனுப்பிய சோதனையை இப்போது நாங்களே செய்கிறோம். யந்திரம் ஒரு எண்ணைத் துப்பும். அதை அப்படியே அனுப்பிவிட வேண்டியதுதான். கூட, இந்த எண் தனியாக எதையும் முடிவு செய்யாது என்று ஒரு வரி போகும். அந்த வரியை யார் வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. முன்பு ஒவ்வொரு முடிவுக்கும் துள்ளுவேன். இப்போது துள்ளல் வருவதில்லை.

மதினியை நினைத்தால் எனக்கு வருவது அந்தக் காலைதான். கதவு திறந்து, பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்தினார்கள். டாக்டர் அவள் கன்னத்தைத் தட்டி, “பிள்ளை, கண்ணைத் திறவுங்கோ, அம்மா நிக்கிறா” என்றார். திறந்தாள். “அம்மா” என்றாள், “தாகமா இருக்கு” என்றாள். மதினி அவள் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்தார். பெயரைக் கேட்டார், தன் பெயரையே அவள் சரியாகச் சொல்கிறாளா என்று பார்ப்பவர்போல. சொன்னாள். வகுப்பைக் கேட்டார். சொன்னாள். அப்பாவின் பெயரைக் கேட்டார். “அம்மா, சும்மா இருங்க” என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தெரியும், தலை சுவரில் சாய்ந்து வாய் லேசாகத் திறந்துகொண்டது. தாதி வந்து கூப்பிட்டார், அசையவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினார், அசையவில்லை. பிள்ளை படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“சித்தப்பா, அம்மா எந்திரிப்பாங்கல்ல?”

எந்திரிப்பாங்க, களைச்சுப் போயிருக்காங்க, தூங்கட்டும் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. ஊசி குத்தாத கையை நீட்டி, அம்மாவின் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்துக்கொண்டு, நெடுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.